அத்தியாயம் 17: எதிரியின் மொழி பேசியவர்

1915 மே 19ஆம் தேதி விடிகாலையோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். காலிப்போலி தீபகற்பத்தின் ஒரு மலைச்சரிவில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் பிடித்து வைத்திருந்த சிறு நிலத்துண்டு அன்சாக். அங்கிருந்தவர்களைக் கடலில் தள்ளிவிடும் நோக்கத்தோடு அந்த இரவில் சுமார் 42,000 துருக்கிய வீரர்கள் ஏவப்பட்டார்கள். பொழுது விடிந்தபோது அவர்களில் சுமார் 10,000 பேர் வீழ்ந்திருந்தார்கள். 3,000 பேர் உயிரோடு இல்லை. இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையே சில இடங்களில் நாலைந்து கஜ தூரம்தான். செத்தவர்கள் அந்த இடைவெளியில் கிடந்தார்கள். சாகாமல் காயம்பட்டவர்களும் அவர்களுக்கு நடுவே கிடந்தார்கள். மத்தியதரைக் கடலின் கோடை தொடங்கிவிட்டது. இரண்டே நாளில் அந்தச் சரிவில் மூச்சுவிட முடியாத நிலை.

மே 24ஆம் தேதி காலை ஏழரை மணி முதல் மாலை நாலரை மணி வரை, ஒன்பது மணி நேரம், அந்த இடத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரு தரப்பும் தத்தம் பிணங்களைப் புதைத்துக்கொண்டன. காலிப்போலிப் போர் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்த ஒன்பது மணி நேரம் இடம்பெறும். அதற்காக நடையாய் நடந்து, தளபதிகளிடம் வாதாடி, தன்னையே பிணையாக எதிரியிடம் ஒப்படைத்தவரின் பெயர் பல புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அவர் ஆப்ரி ஹெர்பர்ட். பெரிய இடத்துப் பிள்ளை, நாடாளுமன்ற உறுப்பினர், தூதரகங்களில் வேலை பார்த்தவர், ஏறக்குறையப் பார்வையற்றவர். இந்த அத்தியாயம் முழுவதும் அவருக்குத்தான்.

*

1880 ஏப்ரல் 3ஆம் தேதி ஹைகிளேர் மாளிகையில் பிறந்தார் ஹெர்பர்ட். தந்தை நான்காம் கார்னர்வன் பிரபு. கனடா என்ற கூட்டாட்சியை 1867இல் உருவாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்த குடியேற்றத்துறை அமைச்சர் அவர்தான். பிற்காலத்தில் அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாகவும் இருந்தார். அவருடைய முதல் மனைவியின் மகன் ஜார்ஜ் அடுத்த பிரபுவானார். எகிப்தில் துத்தன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு என்று தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது இந்த ஜார்ஜைத்தான். ஆப்ரி இரண்டாம் மனைவி எலிசபெத்தின் மூத்த மகன். பட்டம் அண்ணனுக்குப் போனது. பத்து வயதில் தந்தையை இழந்த தம்பிக்குச் சொத்தில் ஒரு பங்கும், குடும்பப் பெயரும், இளம் வயதிலேயே மங்கத் தொடங்கிய கண்களும் கிடைத்தன.

ஈட்டன் பள்ளியில் அந்தக் கண்களோடு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு வந்தபின் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். அங்கே அவரை ஊரறியச் செய்தது படிப்பல்ல, கட்டடங்களின் கூரைகள்மீது இரவில் ஏறித் தாவும் பழக்கம். அடுத்த அடி எங்கே விழும் என்று சரியாகத் தெரியாத ஒருவர் அந்த உயரத்தில் நடப்பதைக் கீழே நின்றவர்கள் நெஞ்சு பதறப் பார்த்தார்கள். பயம் அற்றவர் என்று நண்பர்கள் சொன்னார்கள். பயத்துக்கு இடம் கொடுத்தால் வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும் என்பதை அவர் சின்ன வயதிலேயே உணர்ந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பிரபுக் குடும்பத்து இளையவர்களுக்கென்றே தூதரகங்களில் சம்பளமில்லாத உதவிப் பதவி ஒன்று இருந்தது. சொந்தப் பணத்தில் வாழ வசதியிருந்தால் போதும். அப்படி 1902இல் டோக்கியோவுக்கும், 1904இல் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போனார். டோக்கியோ அவரைப் பெரிதாக ஈர்க்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. துருக்கி மொழியைக் கற்றார். அரபியும் கிரேக்கமும் பேசக் கற்றார். பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் ஏற்கெனவே தெரியும். ஏமன், சினாய், மாசிடோனியா என்று சுற்றினார். அழுக்கேறிய உடையோடு, குதிரையிலோ கால்நடையாகவோ, சத்திரங்களில் படுத்துக்கொண்டு போகும் பயணங்கள் அவை. மற்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் விருந்து மாளிகைகளில் பாஷாக்களோடு மட்டுமே பழகிய காலத்தில், இவர் காவலாளியோடும் கழுதைக்காரனோடும் உட்கார்ந்து பேசினார். முகங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாததால் குரல்களைக் கேட்டே மனிதர்களை அறிந்துகொண்டார். இந்தப் பழக்கம் பின்னால் எத்தனை உயிர்களுக்கு உதவியது என்பதை இதோ பார்க்கப் போகிறோம்.

1907இல் முதல்முறையாக அல்பேனியாவுக்குப் போனார். மலைக்குடிகளின் விருந்தோம்பலும், கொடுத்த வாக்குக்காக உயிரையும் விடும் அவர்களது வழக்கமும் அவரைக் கட்டிப் போட்டன. கியாசிம் என்ற அல்பேனியர் ஒருவர் அவருக்கு மெய்க்காவலராகவும் தோழராகவும் ஆனார். அல்பேனிய மொழியையும் கற்றுக்கொண்டார். அன்று ஐரோப்பாவில் அந்த மக்களுக்காகப் பேச ஆட்களே இல்லை. துருக்கிப் பேரரசின் ஒரு மூலையாக அவர்கள் கிடந்தார்கள். செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் கிரீஸும் அந்த மூலையைப் பங்கிடக் காத்திருந்தன.

1910இல் டி வெசி பிரபுவின் மகள் மேரியைத் திருமணம் செய்தார். 1911இல் தெற்கு சாமர்செட் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

*

1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது ஹெர்பர்ட்டுக்கு வயது 34. ராணுவத்தில் சேரப் போனார். அந்தக் கண்களைப் பார்த்த எந்த மருத்துவரும் தகுதிச் சான்று தரமாட்டார். அவர் ஒரு காரியம் செய்தார். ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் அதிகாரிகள் அணியும் சீருடையைப் பார்த்து, அதேபோல ஒன்று தைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்தப் பட்டாளம் லண்டனின் வெலிங்டன் முகாமிலிருந்து ரயிலுக்கு அணிவகுத்துப் புறப்பட்டபோது, வாசலுக்கு வெளியே காத்திருந்தவர் வரிசையில் நுழைந்து கூடவே நடந்தார். கப்பலிலும் ஏறிவிட்டார். மனைவியின் உறவினர் ஒருவர் அந்தப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். விஷயம் முன்பே சிலருக்குத் தெரியும். பிரான்ஸ் கரையில் இறங்கியபின் மொழிபெயர்ப்பாளர் என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை இங்கிலாந்தில் வீரசாகசமாகச் சொல்வார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லங்காஷயர் ஆலைத்தொழிலாளி ஒருவரின் மகன் போலிச் சீருடை தைத்துக்கொண்டு பட்டாளத்துக்குள் நுழைந்திருந்தால் ராணுவ நீதிமன்றத்தின்முன் நின்றிருப்பான். பிரபு வீட்டுப் பிள்ளைக்குக் கதவுகள் தாமாகத் திறந்தன. ஹெர்பர்ட்டின் வாழ்க்கையில் கடைசிவரை இந்தச் சலுகை கூடவே வந்தது. அதை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு.

மோன்ஸிலிருந்து பின்வாங்கிய படையோடு இரவும் பகலும் நடந்தார். குதிரையேறிக் கட்டளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி வில்லே-காட்டரே காட்டில் பின்புறக் காவலாக நின்ற பட்டாளத்தை ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தளபதி மோரிஸ் அன்று கொல்லப்பட்டார். ஹெர்பர்ட்டின் உடலில் குண்டு பாய்ந்தது, கைதியானார். பத்து நாள் ஜெர்மன் மருத்துவ முகாமில் கிடந்தார். மார்ன் நதிப் போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் பின்வாங்கியபோது, எடுத்துச்செல்ல முடியாத காயக்காரர்களோடு அவரையும் விட்டுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுப் படை வந்து மீட்டது.

துருக்கி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இந்த மனிதரின் மொழிகள் நினைவுக்கு வந்தன. 1914 டிசம்பரில் கெய்ரோவில் உளவுப் பிரிவில் வேலை. அங்கே அவரோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர்களில் டி. ஈ. லாரன்ஸும், தொல்லியலாளர் லெனார்ட் வூலியும் உண்டு. தான் நேசித்த மக்களுக்கு எதிராக வேலை பார்க்க வந்திருக்கிறோம் என்ற உறுத்தல் ஹெர்பர்ட்டிடம் எப்போதும் இருந்தது. நாட்டுக்காகப் போரிட்டார், துருக்கியரை வெறுக்க மட்டும் அவரால் முடியவில்லை.

*

ஏப்ரல் 25ஆம் தேதி படைகள் அன்சாக்கில் இறங்கியபோது, ஜெனரல் காட்லியின் கீழிருந்த நியூசிலாந்து-ஆஸ்திரேலிய டிவிஷனில் அவர் மொழிபெயர்ப்பு அதிகாரி. கைதிகளை விசாரிப்பது முதன்மையான வேலை. இன்னொரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். முன்வரிசைப் பதுங்குகுழிக்குப் போய், எதிரே இருக்கும் துருக்கியர்களைப் பார்த்து அவர்கள் மொழியில் உரக்கப் பேசுவார்; சரணடைந்தால் நல்லபடி நடத்துவோம் என்பார். பதிலுக்குப் பெரும்பாலும் குண்டுகள்தான் வந்தன. அதனால் அக்கம்பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியர்களுக்கு அவருடைய வருகை அவ்வளவு உவப்பாக இல்லை.

மே 19க்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நடுவெளியில் கிடந்த காயக்காரர்களின் முனகலை அவர் கேட்டார். அந்த மொழி புரிந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். என்ன கேட்கிறார்கள், யாரை அழைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். போர்நிறுத்தம் வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் போனார். தலைமைத் தளபதி இயன் ஹாமில்டன் கரையில் இல்லை, ஆர்கேடியன் என்ற கப்பலில் இருந்தார். அங்கும் போய் வாதாடினார். போர்நிறுத்தத்தை நாம் கேட்டோம் என்று துருக்கியர் பறைசாற்றுவார்களே என்பது தலைமையின் கவலை. இதற்கிடையே 20ஆம் தேதி மாலை சில இடங்களில் துருக்கியர் தாங்களாகவே வெள்ளைக் கொடி காட்டினார்கள். பேச்சுக்கு வழி பிறந்தது.

22ஆம் தேதி துருக்கிய மேஜர் ஒருவர் கண்கள் கட்டப்பட்டுக் குதிரையில் கடற்கரை வழியே அழைத்துவரப்பட்டார். பெயர் கெமால். பின்னாளில் துருக்கியக் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமால் வேறு. இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர் பிரிட்டிஷ் முகாமில் பேசி முடித்துப் பத்திரமாகத் திரும்பும்வரை துருக்கியர் வசம் ஒரு பிணை இருக்கவேண்டும். அதற்கு ஹெர்பர்ட் போனார். அவருடைய கண்களையும் கட்டினார்கள். அணிகளின் இருப்பிடத்தை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக மலைப்பாதைகளில் சுற்றிச்சுற்றி அழைத்துப் போனார்கள். கட்டை அவிழ்த்தபின் துருக்கிய அதிகாரிகளோடு உட்கார்ந்து பழைய கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றிப் பேசினார்.

24ஆம் தேதி காலை லேசான மழை. விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. நடுவில் வெள்ளைக் கொடி ஏந்திய இரு தரப்பு ஆட்களின் வரிசை. ஒரு தரப்புப் பிணம் மறு தரப்பின் பக்கம் கிடந்தால் கோட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கிடக்கும் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் சுட உதவும் உறுப்பைக் கழற்றிவிட்டு. கசகசாப் பூக்கள் சிவந்து கிடந்த வயலைத் தாண்டி, காட்டு ஓமம் மண்டிய ஓடைப் பள்ளங்களில் ஹெர்பர்ட் நடந்தார். பார்வை மங்கியவருக்குக்கூட அங்கே கிடந்தவை தெரிந்தன. ஆயிரக்கணக்கில். துருக்கியச் செம்பிறைச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் வாசனை தெளித்த பஞ்சை அவர் கையில் கொடுத்தார். எதிரிக்கு எதிரி மூக்கில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சு.

பகல் முழுவதும் அவர் கோட்டின் இரு புறமும் ஓடிக்கொண்டிருந்தார். பிணங்களை மறைத்துப் பதுங்குகுழி வெட்டுகிறார்கள் என்று ஒரு தரப்பு, துப்பாக்கிகளைத் திருடுகிறார்கள் என்று மறு தரப்பு. ஒவ்வொரு புகாரும் ஒரு குண்டுச் சத்தத்தில் முடியக்கூடியது. முடிந்திருந்தால் நடுவெளியில் நின்ற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கமாட்டார்கள். இவர் சிகரெட் கொடுத்து, பேசி, தோளைத் தட்டி அமைதிப்படுத்தினார். துருக்கிய அணியில் இருந்த அல்பேனியர்கள் இவரை அடையாளம் கண்டுகொண்டு சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

மாலை நான்கு மணி அளவில், தங்கள் அதிகாரிகள் அருகில் இல்லாததால், துருக்கிய வீரர்கள் இவரிடமே வந்து அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். தமக்கு எதிராகப் போரிடும் ராணுவத்தின் அதிகாரியிடம் கட்டளை கேட்டார்கள்! இவரும் கொடுத்தார். இரு தரப்புக் கடிகாரங்களும் சில நிமிடங்கள் முன்பின்னாக ஓடுவதைக் கவனித்து, அவற்றைச் சரிசெய்தார். அந்தச் சில நிமிடங்களைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. வெள்ளைக் கொடிக்காரர்களை ஒருவரோடு ஒருவர் கைகுலுக்க வைத்துத் திருப்பி அனுப்பினார். நாளை நீங்கள் என்னைச் சுடுவீர்கள் என்று இவர் சிரித்தபடி சொன்னபோது, அவர்கள் பதறிப்போய் ஒரே குரலில் மறுத்தார்கள். சிறிது நேரத்தில் துப்பாக்கிகள் மறுபடி முழங்கத் தொடங்கின.

காலிப்போலியில் அதன்பின் இப்படி ஒரு போர்நிறுத்தம் நடக்கவில்லை. ஆகஸ்ட் மாதப் பெருந்தாக்குதலில் காயக்காரர்கள் தண்ணீரின்றி வெயிலில் கிடந்து செத்தபோது, இன்னொரு நாள் கிடைக்காதா என்று ஹெர்பர்ட் மன்றாடினார். இம்முறை மேலே யாரும் செவிசாய்க்கவில்லை.

*

அடுத்த ஆண்டு மெசபடோமியா. நம் நாட்டு வாசகர்கள் நின்று கவனிக்கவேண்டிய இடம் இது.

டைக்ரிஸ் நதி வளைந்தோடும் குட் என்ற ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் ஆறாவது பூனா டிவிஷன் 1915 டிசம்பர் 7 முதல் முற்றுகையில் சிக்கியிருந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பான்மையோர் இந்தியச் சிப்பாய்களும், சமையல், சுமை வேலைகளுக்கு வந்த இந்தியர்களும். மீட்கப் போன படை மூன்று முறை முட்டி மோதியது. அதில் மட்டும் சுமார் 23,000 பேர் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். அவர்களிலும் பெருந்தொகையினர் இந்தியர்களே. குட்டுக்குள் தானியம் தீர்ந்தது. குதிரைகளை வெட்டினார்கள். பல இந்தியச் சிப்பாய்கள் மத வழக்கத்தை எண்ணிக் குதிரை இறைச்சியைத் தொட மறுத்தார்கள். உடல் வற்றி, ஈறு அழுகும் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். முற்றுகைக்குள் விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டார்கள். போர் வரலாற்றில் இது முதல்முறை என்பார்கள். போதவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி 270 டன் உணவோடு ஜூல்நார் என்ற நீராவிப் படகு இருளில் நதியில் ஏறியது. துருக்கியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அட்மிரல் வெமிஸ்ஸோடு அங்கே வந்து சேர்ந்திருந்தார் ஹெர்பர்ட். லாரன்ஸும் வந்திருந்தார், லண்டனின் ரகசியக் கட்டளையோடு: துருக்கியத் தளபதி கலீல் பாஷாவுக்குப் பத்து லட்சம் பவுன் கொடுத்துப் படையை விடுவிக்கப் பார்க்கவேண்டும். பின்னர் தொகை இருபது லட்சமானது. அங்கிருந்த மூத்த அரசியல் அதிகாரி பெர்சி காக்ஸ் இந்தப் பேரத்தில் தனக்குப் பங்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். போர் அமைச்சர் என்வர் பாஷாவின் சித்தப்பா முறையான கலீல் பணத்தை மறுத்தார். என்வர் விஷயத்தை உலகறியச் செய்தார். ஏப்ரல் 29ஆம் தேதி காலை டவுன்ஷெண்ட் தன் பீரங்கிகளை வெடிவைத்து அழித்துவிட்டுச் சரணடைந்தார்.

அதே நாளில்தான் கர்னல் பீச், லாரன்ஸ், ஹெர்பர்ட் மூவரும் வெள்ளைக் கொடியோடு பதுங்குகுழிகளைத் தாண்டி நடந்தார்கள். கண்கள் கட்டப்பட்டுக் கலீலின் கூடாரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். கலீல் பேசத் தொடங்கியதும் ஹெர்பர்ட்டுக்கு அந்தக் குரல் பழகியதாகப் பட்டது. போருக்கு முன் கான்ஸ்டான்டிநோபிளில், பிரிட்டிஷ் தூதரகத்தின் நடன விருந்தில் இருவரும் சந்தித்திருந்தார்கள்! பேச்சு பிரெஞ்சு மொழியில் நடந்தது.

கையில் என்ன இருந்தது பேரம் பேச? பீரங்கிகள் போய்விட்டன. அந்த அழிவில் கலீலுக்குக் கோபம் வேறு. ஹெர்பர்ட் மனிதர்களைப் பற்றியே பேசினார். மோசமாக நோயுற்றவர்களையும் காயமுற்றவர்களையும் துருக்கியக் கைதிகளுக்கு மாற்றாக விடுவிக்கக் கலீல் இசைந்தார். குட் நகரத்து அரபுகளை, டவுன்ஷெண்டின் படைக்கு உதவியவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று வேண்டியபோது, அவர்கள் துருக்கியக் குடிகள், அது எங்கள் விவகாரம் என்று பேச்சை முடித்துவிட்டார். அந்த அரபுகளில் பலர் பின்னர் தூக்கில் தொங்கினார்கள். கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோது, பாலைவனத்தில் நடக்கவிருந்த சுமார் 13,000 கைதிகளுக்காகச் செய்ய அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

அன்சாக்கில் பலித்த மொழியும் நட்பும் குட்டில் ஏன் பலிக்கவில்லை? அன்சாக்கில் இரு தரப்புக்கும் அந்த ஒன்பது மணி நேரம் தேவைப்பட்டது. குட்டில் ஒரு தரப்பு முழுத் தோல்வியில் இருந்தது; அந்தத் தோல்வி இந்தியாவிலும் லண்டனிலும் மேசைகளின்முன் உட்கார்ந்து, போதிய படகும் மருந்தும் இல்லாமல் பாக்தாதை நோக்கிப் படையை ஏவியவர்கள் உண்டாக்கியது. ஹெர்பர்ட் இதைத் தெளிவாகக் கண்டார். லண்டன் திரும்பியதும் நாடாளுமன்றத்தில் எழுந்து, தன் கட்சிக்காரர்களும் அங்கம் வகித்த அரசை மெசபடோமியாவுக்காக விடாமல் குடைந்தார். அந்த ஆண்டே விசாரணை ஆணையம் அமைந்தது. சிப்பாய்கள் பட்ட துன்பத்துக்கு யாரெல்லாம் பொறுப்பு என்று அது 1917இல் பெயர் சொல்லிக் கூறியது.

*

போரின் எஞ்சிய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1917 கோடையில் சுவிட்சர்லாந்தில் துருக்கிய எதிர்க்கட்சியினரைச் சந்தித்துச் சமாதானத்துக்கு வழி உண்டா என்று பார்த்தார். லண்டனில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. பிறகு அல்பேனியாவில் இருந்த இத்தாலியப் படையோடு பிரிட்டிஷ் அதிகாரியாக இணைக்கப்பட்டார். 1919இல் 'மோன்ஸ், அன்சாக், குட்' என்ற தன் போர்க்குறிப்புகளை வெளியிட்டார். அட்டையில் பெயர் இல்லை, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எழுதியது என்று மட்டும் இருந்தது. நாவலாசிரியர் ஜான் பக்கன் தன் 'கிரீன்மேன்டில்' நாவலின் சாண்டி ஆர்பத்நாட் என்ற பாத்திரத்தை இவரை வைத்தே முதலில் வரைந்தார். 1920, 21இல் அயர்லாந்தில் அரசுப் படைகள் வீடுகளை எரித்துப் பழிவாங்கியபோது, கன்சர்வேட்டிவ் இருக்கையிலிருந்தே அதைக் கண்டித்தவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு சங்கடமான விஷயத்தைத் தவிர்க்கக் கூடாது. 1921 பிப்ரவரியில், ஸ்காட்லாந்து யார்டின் பேசில் தாம்சன் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜெர்மனியின் ஹாம் நகரில் தலாத் பாஷாவைச் சந்தித்தார். ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டதற்கு முதல் பொறுப்பாளி தலாத். தான் குற்றமற்றவன் என்று அவர் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தார் ஹெர்பர்ட். அடுத்த மாதமே, மார்ச் 15ஆம் தேதி, பெர்லின் தெருவில் ஓர் ஆர்மீனிய இளைஞர் தலாத்தைச் சுட்டுக் கொன்றார். துருக்கியர்மீது ஹெர்பர்ட் வைத்திருந்த பாசம் அவருடைய பலம். ஒரு மக்கள் கூட்டத்தின்மீது வைத்த பாசம், அதன் ஆட்சியாளர்களின் கொலைகளைக் காணவிடாமல் தடுத்ததா? அந்தச் சந்திப்பைப் பற்றி அவர் எழுதியதில் தலாத்தின் தனிப்பட்ட வசீகரத்துக்குக் கிடைத்த இடம், மாண்ட ஆர்மீனியர்களுக்குக் கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

*

அல்பேனியாவுக்குத் திரும்புவோம். 1912 நவம்பர் 28ஆம் தேதி வ்லோரா நகரில் இஸ்மாயில் கெமாலி விடுதலையை அறிவித்தார். அந்த விடுதலையைச் செல்லத்தக்கதாக்க வேண்டியவர்கள் லண்டனில் எட்வர்ட் கிரே தலைமையில் கூடியிருந்த வல்லரசுகளின் தூதர்கள். அந்த மாநாட்டுக்கு வந்த அல்பேனியப் பிரதிநிதிகளுக்கு லண்டனில் யாரையும் தெரியாது. ஹெர்பர்ட் அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார், மந்திரிகளிடம் அறிமுகம் செய்தார், மனுக்களை எழுதிக் கொடுத்தார். 1912 டிசம்பரில் அல்பேனியக் குழு ஒன்றைத் தொடங்கி அதன் தலைவரானார். செயலாளர் எடித் டர்ஹம். அல்பேனிய மலைகளைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்த ஆங்கிலேயப் பெண் இல்லை. நாடு பிறந்தது, ஆனால் குறைப்பிரசவமாக. அல்பேனியர் வாழ்ந்த நிலத்தில் ஏறத்தாழப் பாதி, கொசோவோ உட்பட, எல்லைக்கு வெளியே போயிற்று.

புது நாட்டுக்கு ஓர் அரசர் வேண்டும் என்று வல்லரசுகள் விரும்பின. அல்பேனியர்கள் சிலர் ஹெர்பர்ட்டிடம் வந்து கேட்டார்கள். அவருக்கு ஆசை இருந்தது. ஆண்டுக்கு 50,000 பவுன் வருமானம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்த்தார். அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. குடும்ப நண்பரான பிரதமர் ஆஸ்க்வித்தும் வேண்டாம் என்றார். ஜெர்மானிய இளவரசர் வீட் 1914 மார்ச்சில் அரசராக வந்து இறங்கி, ஆறே மாதத்தில், செப்டம்பரில், கப்பலேறிப் போய்விட்டார். 1920இல் அதே அழைப்பு மறுபடி வந்தது. இம்முறையும் அவர் அரியணை ஏறவில்லை. அரசனைவிட அல்பேனியாவுக்கு அங்கீகாரமே அவசரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சர்வதேச சங்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் அண்டை நாடுகள் அதைத் தின்றுவிடும். நண்பர் ராபர்ட் செசில் பிரபு ஜெனீவாவில் தென்னாப்பிரிக்காவின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். ஃபான் நோலி தலைமையில் அல்பேனியக் குழு வந்திருந்தது. லண்டனில் ஹெர்பர்ட் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1920 டிசம்பர் 17ஆம் தேதி அல்பேனியா சங்கத்தின் உறுப்பு நாடானது. என் பார்வையில் அவருடைய வாழ்வின் மிகப்பெரிய வெற்றி இதுதான். அரியணை ஏறியிருந்தால் வீட் இளவரசரைப்போல ஒரு வரியாகியிருப்பார்.

கடைசி ஆண்டில் பார்வை முற்றிலும் போய்விட்டது. எந்த வைத்தியத்தையும் முயன்று பார்க்கும் நிலைக்கு வந்திருந்தார். பற்களைப் பிடுங்கிவிட்டால் கண் தெளியும் என்று ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் பழகிய பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். உடலில் எங்கோ மறைந்திருக்கும் சீழ்தான் பல நோய்களுக்கும் வேர் என்று அன்றைய மருத்துவர்களில் பலரே நம்பிக்கொண்டிருந்த காலம். பற்களைப் பிடுங்கினார்கள், ரத்தம் நஞ்சானது. 1923 செப்டம்பர் 26ஆம் தேதி, 43 வயதில் இறந்தார். அண்ணன் கார்னர்வன் பிரபு கெய்ரோவில் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகள் துத்தன்காமன் சாபத்தின் கணக்கில் தம்பியையும் சேர்த்து எழுதின. கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தின் எளிய, கொடிய காரணம் யாருக்கும் சுவையாக இல்லை.

கொசோவோவிலிருந்து துரத்தப்பட்டு அல்பேனியாவுக்குள் வந்த அகதிகளுக்காக, மகனின் பெயரில் ஒரு கிராமத்தை அமைக்கப் பணமும் உழைப்பும் கொடுத்தார் தாய் எலிசபெத். தலைநகர் டிரானாவில் ஒரு நூலகத்தையும் தொடங்கினார்.

குட்டிலிருந்து பாக்தாதுக்கும், அங்கிருந்து மோசுல் வழியாக ராஸ் அல்-ஐன் ரயில் முனைக்கும் நடத்திச் செல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)